ரப்பர் வைத்த அங்கவடி

பார்சலைப் பிரித்ததும் முதலில் வந்தது ரப்பர் வாசனைதான். உள்ளே பளபளவென்று ஒரு ஜோடி அங்கவடி. குதிரைமேல் உட்காருகிறவர் காலை நுழைத்துக்கொள்ளச் சேணத்திலிருந்து தொங்குமே ஒரு வளையம், அதற்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் இரும்பு இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையத்தை மேலும் கீழும் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். அதை மூக்கருகே கொண்டுபோனேன். கொண்டுபோனவன் அப்படியே எழுந்து வராந்தாவுக்குப் போய், திரும்பி அடுப்படிக்குப் போய், மறுபடியும் வராந்தாவுக்கு வந்து நின்றேன். எதைத் தேடுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். எதையும் தேடவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே ஒரு நினைப்பு வந்துவிட்டால் உட்காரத் தெரியாது.

காலேஜில் சேர்ந்த கையோடு மகளுக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்துவிட்டது. சேலத்துக்கு வெளியே, ஏற்காட்டு மலையைப் பார்த்தாற்போல ஒரு மைதானம் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழக்கிவிடுகிறார்கள். அங்கிருக்கிற அங்கவடிகள் அவள் காலுக்கு ரொம்பப் பெரிசு, சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிக்கொடுத்துவிடுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். கால் வைக்கிற வளையம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று போனைத் திறந்தேன். மூட முடியவில்லை. இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக். பாதம் நோகாமல் இருக்க அகலமான அடிப்பட்டை வைத்தது. முழங்கால் வலிக்காமல் இருக்க ஸ்பிரிங் வைத்தது. காந்தத்தில் ஒட்டிக்கொள்வது. ஊதா நிறம், ரோஸ் நிறம். மகளுக்கு ரோஸ்தான் வேண்டுமாம். நானோ ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, இது காலை எந்தப் பக்கமாக விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, லாரி வாங்கற மாதிரி பாக்கற?" என்றாள். லாரி வாங்குவதென்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

ரப்பர் வாசனையை நாமக்கல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரி டயருக்குள் இருக்கிற டியூப், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இனி முடியாது என்றான பிறகுதான் எங்கள் ஊரில் அதற்கு மெய்யான பிழைப்பு ஆரம்பமாகும். வளையம் வளையமாக நறுக்கினால் தார்ப்பாய் மாட்டுகிற ரப்பர். நீளமாகக் கிழித்தால் சைக்கிள் கேரியரில் சோற்றுத் தூக்குப்போசியைக் கட்ட. தோட்டத்துக் கேட்டு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு துண்டு, ஒழுகுகிற குழாய்க்குச் சுற்ற ஒரு துண்டு. முழு டியூபில் காற்றடித்துக் கிணற்றில் போட்டு நீச்சல் பழகிய கூட்டம் நாங்கள். நாங்கள் என்றா சொன்னேன்? நான் பழகவில்லை. டியூபைப் பிடித்தபடியே இறங்கி, டியூபைப் பிடித்தபடியே கரையேறினவன். அக்காதான் பழகினாள். டியூபை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நடுக்கிணற்றுக்குப் போய்த் திரும்பிப் பார்த்து, "உட்டுட்டு வாடா" என்பாள். நான் கடைசிவரை விடவேயில்லை.

எங்கள் அப்பாவும் எதையும் விட்டவரில்லை. நாக்பூர், ராய்ப்பூர் என்று வடக்கே லாரி ஓட்டியவர், லாரியை விற்றுவிட்டுச் சேந்தமங்கலம் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கொல்லிமலையைப் பார்த்தபடி குச்சிக்கிழங்குக் காட்டை, மரவள்ளியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், சுற்றிக்கொண்டே இருப்பார். லாரிக்காரருக்கு ஒரே ஒரு பயம்தான், எதுவும் கழன்றுவிடக் கூடாது. கயிறு கழன்றால் லோடு போச்சு, நட்டு கழன்றால் உயிரே போச்சு. அந்தப் பயம் லாரியோடு போகவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் கட்டுக்கம்பி வைத்திருப்பார். வீடு கட்டும்போது கான்கிரீட் கம்பிகளைச் சேர்த்து முறுக்குவார்களே, அந்த மெல்லிய கம்பி. குக்கர் கைப்பிடி ஆடினால் கம்பி. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் காது உடைந்ததற்கும் கம்பி. கோயிலுக்குப் போனால் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் மறைத்துக்கொள்வாள். சாமி மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, நாலு பேர் சிரிக்கக் கூடாது. என் பள்ளிக்கூடப் பை வாரிலும் ஒரு முறுக்கு இருந்தது. எத்தனை கம்பிக்கட்டு இருந்தாலும் அப்பாவின் முறுக்கு தனியாகத் தெரிந்துவிடும். யார் கையையும் கிழித்துவிடக் கூடாது என்று நுனியை உள்பக்கமாக மடக்கித் தட்டி வைத்திருப்பார்.

எங்கேயோ போகிறேன். அக்காவைச் சொல்ல வேண்டும்.

அக்கா பூங்கொடி எனக்கு நாலு வயது மூத்தவள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வருஷம் திரும்புவதற்குள் ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. "வா சாமி, கை காலக் கழுவு" என்று மட்டும் சொன்னார். அன்றோடு அக்காவின் வெளிநடமாட்டம் நின்றது. மிரட்டி அடைத்துவைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியென்றால் சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லாம் பாசம். கடைக்கா, தம்பி போய்விட்டு வரட்டும். கோயிலுக்கா, கூட்டமாக இருக்குமே. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த வேலைக்கே மறுபடியும் போகிறேன் என்று அவள் கேட்டபோது, இங்கே உனக்கு என்ன குறை என்றார். குறை ஒன்றும் இல்லைதான். அக்கா வாசலிலிருந்து மாட்டுக் கொட்டாய்க்கு நடந்தாள். கொட்டாயிலிருந்து கேட்டு வரைக்கும் நடந்தாள். கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். காலில் சக்கரம் கட்டியவள் என்று சின்ன வயதிலேயே பெயர் வாங்கியவள். பார்க்கிற எனக்கே மூச்சு முட்டும்.

அப்போதுதான் குதிரை வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையேறி ஊருக்குப் பொதுவாக நட்டிருக்கிற நாட்டுக்கல்லைக் கும்பிடப் போகிற ஒரு சீர்ச்சடங்கு உண்டு. இப்போது பலபேர் காரில் போய்விட்டு வந்துவிடுகிறார்கள். அப்பாவின் சிநேகிதர் ஒருவர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருந்தவர், மகன் கல்யாணத்தில் சீர் குறையக் கூடாது என்று குதிரையை வாடகைக்குப் பிடிக்காமல் விலைக்கே வாங்கிவிட்டார். செவலை நிறத்தில் ஒரு பெண் குதிரை. மாப்பிள்ளை அதன்மேல் ஏறி நாலு அடி போனான், போட்டோவுக்குச் சிரித்தான், இறங்கிவிட்டான். சீர் முடிந்தது. குதிரையை என்ன செய்வது என்று யாருமே யோசித்திருக்கவில்லை. அவர் ரிக்கோடு மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பவேண்டிய நேரம். கொஞ்ச நாள் உங்கள் கொட்டாயில் நிற்கட்டும் என்று கொண்டுவந்து கட்டினார். சேணம், ஜரிகைத் துணி, பித்தளை அங்கவடி எல்லாம் கூடவே வந்தன. அவர் திரும்பி வந்து கேட்கவேயில்லை. குதிரைக்குப் பெயர் வைக்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை; செவலை என்றே கூப்பிட்டோம்.

முதலில் அக்கா அதற்குப் புல் போட்டாள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழங்குக் காட்டுக்குள் நடத்தினாள். பிறகு ஒரு நாள் பார்த்தால் மேலே உட்கார்ந்திருக்கிறாள். சுடிதாருக்குமேல் என் முழுக்கைச் சட்டை. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. விழுந்து எழுந்து தானாகப் பழகினாள். தோட்டத்துக்குள்தானே என்று அப்பாவும் பேசாமல் இருந்தார். ஆனால் குதிரைக்குத் தோட்டம் போதுமா? கேட்டைத் தாண்டி வண்டித்தடத்தில் கொஞ்சம் போனால் ஏரி. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது, தரை காய்ந்து விரிந்து கிடக்கும். அக்கா அங்கே போக ஆரம்பித்தாள். திரும்பி வரும்போது முகமே வேறாக இருக்கும். அம்மாவை வேலை ஏவுவாள், என்னைக் கிண்டல் செய்வாள், சாப்பாட்டில் உப்பில்லை என்பாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து உப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தப் பித்தளை அங்கவடிகள் போட்டோவுக்காகச் செய்தவை. குறுகல், வழவழப்பு, எடையே கிடையாது. காலை விட்டு நழுவினால் காற்றில் ஆடிக்கொண்டே போகும், துழாவிப் பிடிக்க முடியாது. அக்கா போட்டிருந்ததோ தட்டையான ரப்பர் செருப்பு. குதிகால் உயர்ந்த ஷூவாக இருந்தால் அது வளையத்தில் முட்டி நின்றுகொள்ளும். தட்டைச் செருப்புக்கு நிற்க வழியில்லை. ஒரு நாள் ஏரியில் புதருக்குள்ளிருந்து மயில் ஒன்று படபடவென்று எழும்ப, செவலை மிரண்டு திரும்பியது. அக்காவின் பாதம் முழுசாக உள்ளே நுழைந்து கணுக்காலில் மாட்டிக்கொண்டது. உடம்பு கீழே, கால் மேலே. சீமைக்கருவேல முள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. செருப்பு வார் அறுந்ததால்தான் கால் உருவிக்கொண்டு வந்தது. நல்ல செருப்பாக வாங்கிக் கொடுத்திருந்தால் எனக்கு இன்று அக்கா இல்லை.

தோள்பட்டை எலும்பு முறிந்து அவள் கழுத்தில் கட்டிய தூளியில் கையைப் போட்டுக்கொண்டு கிடந்தபோது அப்பா அந்தியூர்ப் பக்கத்துக் குதிரைத் தரகர் ஒருவருக்கு ஆளனுப்பிவிட்டார். செய்தி தெரிந்ததும் அக்கா எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். கத்தவில்லை. "குதிர போச்சுன்னா நானும் போயிருவேனுங்கப்பா" என்றாள். எங்கே போவாய் என்று கேட்க அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. எனக்கும் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா கேட்டு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "காலு மாட்டுனா உடற மாதிரி ஒண்ணக் கொண்டா. எங்கண்ணு முன்னால ஒருக்கா உடோணும். இல்லீனா குதிர இங்க நிக்காது."

நான் அப்போது நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டுகிற பட்டறையில் ஆபீஸ் வேலை பார்த்தேன். வெறும் எஞ்சினும் சக்கரமுமாக வருகிற வண்டிக்குக் கேபின், பின்பெட்டி எல்லாம் வைத்து லாரியாக்கி அனுப்புகிற இடம். அங்கே வெல்டராக இருந்த மணியண்ணனிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும், "குதிரைக்குப் புட்போர்டு, அவ்வளவுதானுங்களே" என்றார். பட்டறையில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மத்தியானம் ஆனால் போதும், குதிரைப் புட்போர்டு என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள்.

மணியண்ணன் செய்ததைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் பட்டறையில் எதைச் செய்தாலும் பத்து டன் ஏற்றுவதற்குத்தான் செய்வார்கள். கட்டை விரல் தடிமனுக்குக் கம்பி. கால் வைக்கிற இடத்தில், லாரி ஏறுகிற படியில் போடும் புள்ளி புள்ளியான தகடு. ஆனால் அதில் பாதி சரியாகவே இருந்தது. அக்கா நல்ல கையால் தூக்கிப் பார்த்தாள். கனம் இருக்கிறது, நேராகத் தொங்கும், நழுவினாலும் கால் தேடிப் பிடித்துக்கொள்ளும் என்றாள். புள்ளித் தகடு வழுக்காது. அகலமாக இருப்பதால் உள்ளங்கால் நோகாது. என் பழைய தோல் ஷூவைப் போட்டுக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் வேண்டும், அதுவும் இருந்தது. வாரின் நீளத்துக்கும் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. விரல் நுனியைச் சேணத்தில் வார் மாட்டுகிற இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடி அக்குளில் வந்து முட்ட வேண்டும். எல்லாம் சரி. கால் மாட்டினால் விடுமா என்பதுதான் கேள்வி. மணியண்ணனிடமே கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம வெல்டிங் என்னைக்குங்க உட்டுருக்குது?" என்றார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு சாமான் விட வேண்டும் என்று அந்தப் பட்டறைக்கு யாரும் வந்ததில்லை.

கை கொஞ்சம் தேறியதும் அக்கா தானே வருகிறேன் என்றாள். தோளைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரிக்கும் போனோம், அது பொய்யில்லை. பட்டறைக்குள் நுழைந்தவள் மணியண்ணனிடம் போகாமல், வாசலில் தார்ப்பாய் மூடி நின்ற ஒரு லாரி பக்கம் போய் நின்றுவிட்டாள். தார்ப்பாய் ஓரமெல்லாம் டியூப் ரப்பர் வளையங்கள், கொக்கியில் மாட்டி இழுத்துக் கட்டியிருந்தன. ஒன்றில் விரலைக் கொடுத்து ஒரு சுண்டு சுண்டினாள். அது கொக்கியை விட்டுத் தெறித்து என் காதோரமாகப் போய் விழுந்தது. அடுத்ததைச் சுண்டினாள். அடுத்ததை. டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, ஏனுங்க, என்ன பண்றீங்க என்று இறங்கி வந்துவிட்டார். அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. "டேய், இதுதான்டா" என்றாள்.

வளையத்தின் வெளிப்பக்கத்துக் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, மேலே ஒரு கொக்கி, அடித்தகட்டில் ஒரு கொக்கி. நடுவில் டியூப் ரப்பர். காலை ஒழுங்காக வைத்து மிதிக்கும்போது ரப்பருக்கு வேலையில்லை. கால் மாட்டி வெளிப்பக்கம் இழுத்தால் ரப்பர் தெறித்துக்கொள்ளும், கால் வெளியே வந்துவிடும். நல்ல வெல்டிங்கை அறுக்கச் சொல்கிறார்களே என்று மணியண்ணன் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் அந்த இரும்பை வைத்துக்கொண்டு, ரப்பரைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினோம். அவர் ஒன்றைக் கையில் வாங்கி ரப்பரை லேசாக இழுத்தார். தெறித்து வாசலில் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு. மறுபடியும் மாட்டினார், இழுத்தார், மறுபடியும் விழுந்தது. இத்தனை லேசாகவா என்று கேட்டார். அப்படித்தானுங்கப்பா இருக்கோணும் என்றாள் அக்கா. அவர் இரண்டையும் கொட்டாயில் சேணத்தோடு கொண்டுபோய் மாட்டினார். நாளை காலை ஏரியில் பார்த்துவிடலாம் என்றார். அக்கா அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

காலையில் ஏரித்தரையில் நின்றோம். திட்டம் சின்னதுதான். நான் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடத்த வேண்டும். அக்கா இடது காலை வேண்டுமென்றே முழுசாக உள்ளே விட்டுக்கொண்டு, மணல் பரந்த இடத்தில் அந்தப் பக்கமாகச் சரிந்து விழுவாள். ரப்பர் தெறிக்கும், கால் வந்துவிடும், அப்பா பார்ப்பார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சரிந்தாள்.

ரப்பர் தெறிக்கவில்லை.

அக்கா தரையில் கிடந்தாள், கால் மேலேயே நின்றது. வயிற்றோரம் பாரம் இழுத்ததும் செவலை துள்ளியது. நான் கயிற்றில் தொங்கினேன். அது என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வட்டமடித்தது. அக்கா தலையைக் கையால் மூடிக்கொண்டாள். கத்தவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஓடுகிற லாரியை மறிக்கிறவர்போல, நேராகக் குதிரைக்கு முன்னால் பாய்ந்தார். செவலை மூச்சிரைத்து நின்றது.

ரப்பர் ஏன் விடவில்லை என்று எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்க்கவும் முடியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பார்க்கவே இல்லை. அவர் விரல்கள் நேராகக் கீழ்க்கொக்கியின் பின்பக்கம் போயின. ரப்பருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உள்பக்கமாக மடக்கித் தட்டியிருந்த ஒரு நுனியை நகத்தால் நெம்பி, எதிர்ப்பக்கமாக முறுக்கினார். கம்பி கையோடு வந்தது. ரப்பர் தெறித்தது. அக்காவின் கால் தொப்பென்று மணலில் விழுந்தது.

அக்கா படுத்தபடியே அவர் கையைப் பார்த்தாள். முழங்கையிலும் நெற்றியிலும் ரத்தம். "நீங்க கட்டுனதுங்களா?" என்றாள்.

"கழண்டரக் கூடாதுன்னு கட்டுனேன் சாமி" என்றார் அப்பா.

அக்காவுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. மெதுவாக எழுந்து உட்கார்ந்து, மணலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அது கழண்டாத்தானுங்கப்பா நான் பொழைப்பேன்."

அப்பா அந்தக் கம்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். விடுகிற மாதிரி கேட்டவரே அவர்தான்; ஆனால் ரப்பர் அத்தனை லேசாகத் தெறித்ததைக் கண்டதும், கால் மாட்டியதைவிட அவள் மேலிருந்து விழுந்ததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. கால் பிடிப்பாக இருந்தால் எப்படி விழுவாள் என்று லாரிக்காரர் மனசு கணக்குப் போட்டிருக்கிறது. லோடு நகராமல் இருக்க என்ன செய்வாரோ அதைத்தான் மகளுக்கும் செய்திருக்கிறார். அவர் குதிரையைச் சுற்றி வலப்பக்கம் போனார். அதிலும் கட்டியிருந்தார். அதையும் பிரித்தார்.

அத்தோடு தரகர்தான் என்று நினைத்தேன். கயிற்றைச் சுருட்டவும் ஆரம்பித்துவிட்டேன். அப்பா கீழே கிடந்த ரப்பரை எடுத்து மாட்டி, ஒரு விரலால் இழுத்தார். தெறித்தது. மறுபடி மாட்டி இழுத்தார். தெறித்தது. "உடுது" என்றார், தனக்குத்தானே. அப்புறம் அக்காவைப் பார்த்தார். "உடுது சாமி, ஏறு."

நான் வேண்டாம் என்றேன். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், உடம்பெல்லாம் ரத்தம் என்றேன். அக்கா அதற்குள் மேலே உட்கார்ந்துவிட்டாள். செவலையைவிட நான்தான் மிரண்டிருந்தேன். பத்தடி நடத்தியதும் அவள் மறுபடியும் சரிந்தாள். சுளீரென்று ஒரு சத்தம். அக்கா மணலில் உருண்டு எழுந்து நின்றாள், இரண்டு காலும் தரையில். ரப்பர் பறந்துபோய்க் கருவேல முள்ளுக்குள் விழுந்துவிட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முள்ளுக்குள் குனிந்து குனிந்து தேடினார். வேறு ரப்பர் இருக்கிறது, வாருங்கள் என்றாலும் கேட்கவில்லை. கண்டெடுத்து, மணலை ஊதிவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கொட்டாய் வாசலில் ஒரு சடங்கு. அக்கா ஷூ மாட்டிக்கொண்டு நிற்பாள். அப்பா இந்தப் பக்கம் ரப்பரை இழுத்துப் பார்ப்பார், அந்தப் பக்கம் போய் இழுத்துப் பார்ப்பார். "உடுது சாமி, ஏறு" என்பார். அவர் சொல்லாமல் அக்கா ஏறியதில்லை. வெயிலில் காய்ந்து ரப்பர் வெடிப்பு விட்டால் கடாசிவிட்டுப் புதிதாக நறுக்கிப் போடுவார். ஒரு பையில் ரப்பர், இன்னொரு பையில் அதே கட்டுக்கம்பிச் சுருள். குக்கர் கைப்பிடி ஆடிக்கொண்டுதானே இருந்தது.

அக்கா ஏரியோடு நிற்கவில்லை. மலையடிவாரம் வரைக்கும் போவாள். வந்து குளித்துவிட்டுப் படிக்க உட்காருவாள். ரயில்வே பரீட்சை எழுதினாள். ஒன்று போயிற்று, அடுத்தது கிடைத்தது. சேலம் சூரமங்கலத்தில் ஆபீஸ் வேலை. அந்தச் சேதி வந்த அன்று அப்பா கேட்டு வரைக்கும் எத்தனை நடை நடந்தார் என்று கேட்காதீர்கள். போகாதே என்று சொல்லிவிடுவார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். கிளம்புகிற காலையில் அவளுடைய பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். பூட்டு சரியில்லாத பழைய பெட்டி. கம்பி இல்லை, டியூப் ரப்பரால் கட்டியிருந்தார். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் வந்து நின்றதும் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கினார். அக்கா படியருகே நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏறு சாமி" என்றார். பஸ் போனபிறகும் வீட்டுக்கு வராமல், அடுத்த பஸ் வரும்வரை ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நானும் பின்னாலேயே சுற்றினேன்.

செவலை வயதாகிக் கொட்டாயிலேயே போய்ச் சேர்ந்தது. பிறகு அம்மா, பிறகு அப்பா. ஏரியின் ஒரு மூலையைத் தாண்டிக்கொண்டு இப்போது சாலை போகிறது. அக்கா விழுந்து எழுந்த மணல் எது என்று என்னாலேயே காட்ட முடியாது. மணியண்ணன் மகனோடு வெளியூர் போய்விட்டார். போன மாதம் நாமக்கல்லில் ஒரு டயர் கடையில் பழைய டியூப் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். இப்போது வருகிறதெல்லாம் பெரும்பாலும் டியூப்லெஸ்தானுங்க சார் என்றார் கடைக்காரர். தார்ப்பாய்க்கு நைலான் பட்டை வந்துவிட்டது. அப்பா நறுக்கி வைத்திருந்த ரப்பர் வளையங்கள் கொஞ்சம் அவருடைய டூல் பெட்டியில் இருந்தன. எடுத்து ஒன்றை இழுத்துப் பார்த்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை புது அங்கவடிகளை எடுத்துக்கொண்டு, மைதானத்துக்குப் போகிற வழியில் சூரமங்கலத்தில் அக்கா வீட்டில் நிறுத்தினோம். ஒண்டியாகத்தான் இருக்கிறாள், அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இரண்டு முழங்காலும் போய்விட்டது. மாடிப்படியே ஏற முடியவில்லை. ஆனாலும் உட்கார மாட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பாள். அங்கவடியைக் கண்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எடை பார்த்தாள். அகலத்தை விரலால் அளந்தாள். ரோஸ் நிறம் இல்லையா என்று என் மகளைக் கிண்டல் செய்தாள். அப்புறம் ரப்பருக்குள் விரலைக் கொடுத்து இழுத்தாள். அது தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது.

"உடுது" என்றாள்.

மகள் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள், நேரமாகிறது என்று. நானும் அக்காவும் எழுந்திருக்காமல் இருந்தோம், அடுத்த வார்த்தைக்காக. அதைச் சொல்ல ஆள் இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது.